பழைய வாகனத்தைத் திருத்துவதா, கைமாற்றுவதா?

எமது வர்த்தகர்கள் கடை வாடகையைப் பற்றியும், கடன் கொடுத்து வராத பணத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். கடைக்கு வெளியே நிற்கும் வேனைப் பற்றிப் பேசுவது குறைவு. அது ஒரு நாள் நடுவழியில் நின்ற பிறகுதான் பேச்சு ஆரம்பமாகும். அதுவும் பெரும்பாலும் இரண்டு வசனங்களில் முடிந்துவிடும். "இதற்கு இனிச் செலவு செய்து வேலையில்லை, தள்ளிவிடுங்கள்" என்பது ஒன்று. "இவ்வளவு காலமும் செலவு செய்தாயிற்று, இதையும் செய்துவிடுவோம்" என்பது மற்றது. முதலாவது கோபத்தில் சொல்வது, இரண்டாவது பாசத்தில் சொல்வது. கணக்குப் பார்த்துச் சொல்வது இரண்டிலும் இல்லை.

இந்த விடயத்தை எழுதுவதற்கு எனது கையில் இப்போது இருக்கும் ஒரு பில்லே காரணம். கட்டுகஸ்தோட்டையில் இருந்து மடவளை, வத்தேகம, திகன, கம்பளைப் பக்கமாக நான் சரக்கு விநியோகிப்பது ஒரு பழைய டவுன்ஏஸ் டீசல் வேனில். வாரத்துக்கு ஒரு தடவை கொழும்புக்கும் போய்வரும். 2006 இல் வாங்கியது. கடந்த மாதம் கராஜில் பாஸ் எழுதித் தந்த மதிப்பீடு இது: என்ஜின் ஓவர்ஹோல் 380,000 ரூபா, பிரேக் வேலை முழுவதும் 95,000, கிளச் 65,000, ரேடியேட்டரும் அதனோடு சேர்ந்த குழாய்களும் 60,000. மொத்தம் 6 இலட்சம் ரூபா.

மகன் உடனே சொன்னார்: "வாப்பா, இந்தப் பழசை இன்னும் எத்தனை நாளைக்கு இழுத்துக்கொண்டு திரியப்போறீங்க? குடுத்துட்டுப் புதுசொண்டு எடுப்போம்." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆகவே இருவரும் ஒரு இரவு கொப்பியையும் கல்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் தெரிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாகனம் சேமிப்பாக இருந்த காலம்

முதலில் எமது மனதில் படிந்துபோன ஒரு பழக்கத்தைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. பின்னர் 2022 இல் பொருளாதாரம் சரிந்தது. 200 ரூபாவை அண்டி இருந்த டொலர் ஒரு சில மாதங்களில் 360 ரூபா வரை ஏறியது. புதிய வாகனம் வராததாலும் ரூபாவின் பெறுமதி விழுந்ததாலும், வீட்டில் நின்ற பழைய வாகனத்தின் விலை வருடா வருடம் கூடியது. பத்து வருடம் ஓடிய காரை, வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

ஓடத் தேயும் ஒரு இயந்திரம் விலை ஏறியது உலகத்தில் சாதாரணமாக நடக்கும் காரியமல்ல. ஆனால் ஐந்து வருடம் அதைப் பார்த்துப் பழகியதால், "வாகனத்தில் போட்ட பணம் எங்கேயும் போகாது" என்ற நம்பிக்கை எமக்குள் வந்துவிட்டது. அந்த நாட்களில் எந்த பில்லையும் யோசிக்காமல் கட்டலாம் என்ற நிலை இருந்தது. விற்றால் எடுத்துவிடலாம் என்பதே அதற்கான விளக்கம்.

2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, ஆடம்பர வரி, 18 வீத பெறுமதி சேர் வரி என்று வரிகள் அடுக்கடுக்காக இருப்பதால் புதிய வாகனங்கள் மலிவாக வரவில்லை. ஆயினும் கதவு திறந்த பிறகு, பழைய வாகனம் தானாக விலை ஏறும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாகனம் மீண்டும் தேய்கின்ற ஒரு சாமானாகிவிட்டது. எனவே திருத்தச் செலவை விற்பனை விலையில் எடுத்துவிடலாம் என்று எண்ணிக் கட்டுவதை இனி நிறுத்த வேண்டும். அந்தப் பணம் ஓட்டத்தில்தான் திரும்பி வர வேண்டும்.

பில்லை எதனோடு ஒப்பிடுவது?

வழக்கமாக நாம் பில்லை வாகனத்தின் விலையோடு ஒப்பிடுவோம். "முப்பது இலட்ச ரூபா வேனுக்கு ஆறு இலட்சம் செலவா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாலும் தீர்மானம் எடுக்க முடியாது. சரக்கு ஏற்ற ஏதோ ஒரு வாகனம் வேண்டும். ஆகவே இந்த வேனை இன்னும் நான்கு வருடம் ஓட்டினால் மொத்தம் எவ்வளவு போகும், வேறொன்றை எடுத்து நான்கு வருடம் ஓட்டினால் எவ்வளவு போகும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் கொப்பியில் இருந்த கணக்கு இது. பழையதை வைத்துக்கொண்டால்: இப்போதைய பில் 6 இலட்சம். வருடாந்தச் சிறு திருத்தங்கள் 2 இலட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 8 இலட்சம். வேன் கராஜில் நிற்கும் நாட்களில் கூலி வாகனம் பிடிக்க 1 இலட்சம். இன்று இருந்தபடி 30 இலட்சத்துக்குப் போகும் வேன் நான்கு வருடத்தில் 22 இலட்சத்துக்கு இறங்கும் என்று வைத்தால், பெறுமதி இழப்பு 8 இலட்சம். கூட்டினால் 23 இலட்சம். மாதத்துக்கு ஏறக்குறைய 48,000 ரூபா.

மாற்றினால்: நாங்கள் பார்த்த, பத்து வருடம் இளமையான வேனின் விலை 85 இலட்சம். பழையதை 30 இலட்சத்துக்குக் கொடுத்தால் மீதி 55 இலட்சம் தேவை. அதை இஜாரா முறையில் விசாரித்தபோது மாதம் 150,000 ரூபா வீதம் 48 மாதம் என்றார்கள். மொத்தம் 72 இலட்சம். அதாவது நிதிக்கான செலவு மாத்திரம் 17 இலட்சம். வேனின் விலை 85 இலட்சத்திலிருந்து 65 இலட்சமாக இறங்கினால் இழப்பு 20 இலட்சம். சிறு திருத்தங்களுக்கு 4 இலட்சம். முழுக் காப்புறுதிக்கு மேலதிகமாக 4 இலட்சம். எரிபொருளில் மிச்சப்படுவது 3 இலட்சம் என்று கழித்தோம். முடிவு 42 இலட்சம். மாதத்துக்கு 87,500 ரூபா.

வித்தியாசம் நான்கு வருடத்தில் 19 இலட்சம். இதில் எதிர்கால விலைகள் எமது ஊகமே. ஒவ்வொருவருக்கும் இலக்கங்கள் மாறும். தினமும் நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடுபவருக்கு எரிபொருள் மிச்சம் பெருகி, புதியதே இலாபமாகவும் வரலாம். எமது கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கொப்பியில் ஒரு தொகை சேர்க்கப்படவில்லை என்பதையும் கவனிக்கவும். போன வருடம் சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் செலவு செய்த பணம் அதில் இல்லை. அது போன பணம். வைத்தாலும் விற்றாலும் திரும்பி வராது. "இவ்வளவு செலவு செய்தாயிற்றே" என்று அதற்காக இன்னொரு பில்லைக் கட்டுவது, விலை போகாத சரக்கைக் காப்பாற்ற அதே சரக்கை மேலும் கொள்வனவு செய்வது போன்றது.

தவணை நாள் காத்திருக்காது

கொப்பியில் எழுத முடியாத இன்னொரு விடயமும் உண்டு. பழைய வேனின் செலவை ஓரளவு தள்ளிப்போடலாம். இந்த மாதம் வியாபாரம் மந்தம் என்றால் கிளச்சை அடுத்த மாதம் செய்யலாம். 150,000 ரூபா தவணையை அப்படித் தள்ளிப்போட முடியாது.

கண்டிப் பகுதி வர்த்தகர்கள் அண்மைக் காலத்தில் பட்டதை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய வன்செயல்கள். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பின் எமது கடைகளைப் பலர் புறக்கணித்த மாதங்கள். 2020 இல் கொவிட் முடக்கம். 2022 இல் எரிபொருள் வரிசை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் வெள்ளமும் மண்சரிவும். எட்டு வருடத்தில் ஐந்து அடி. ஒவ்வொன்றிலும் வியாபாரம் வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் நின்றது. நிலையான பெரிய தவணை இல்லாதவர் கையைக் கடித்துக்கொண்டு தப்பினார். தவணை உள்ளவர் சரக்கை நட்டத்துக்கு விற்றுத் தவணை கட்டினார்.

வாகனம் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த அடி வரும்போது மூன்று மாதத் தவணையைக் கடையில் கைவைக்காமல் கட்ட முடியுமா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியும் என்றால் வாங்குங்கள். நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு நிரப்ப வேண்டிய பணம் கண்ணாடி மினுங்கும் வேனாக வாசலில் நின்றால், அது எங்களுக்கு உழைத்துத் தராது.

தெரிந்த வருத்தமும் தெரியாத வருத்தமும்

எனது வேனில் என்ன கோளாறு என்பது எனக்குத் தெரியும். வாங்கப்போகும் வேனில் என்ன கோளாறு என்பது அதை விற்பவருக்கு மாத்திரமே தெரியும். ஜோர்ஜ் அகர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970 இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வாங்குபவருக்கு நல்லதும் கெட்டதும் பிரித்தறிய முடியாததால் அவர் நடுத்தர விலையே கொடுக்க முன்வருவார். அந்த விலைக்கு நல்ல வாகனம் வைத்திருப்பவர் விற்கமாட்டார், கோளாறான வாகனம் வைத்திருப்பவரே விற்பார். இப்படியே சந்தையில் கெட்டது கூடும் என்பது அவரது வாதம். 2001 இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்த ஆய்வே அடிப்படையாக அமைந்தது.

முன்பு எமக்கு ஒரு வசதி இருந்தது. ஜப்பானில் புதிய காருக்கு மூன்று வருடத்திலும், அதன் பின் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் கடுமையான பரிசோதனை உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்கவே பலர் நல்ல நிலையிலுள்ள வாகனத்தையும் கைமாற்றிவிடுவார்கள். அப்படி வந்த ரீகண்டிஷன் வாகனங்களே எமது ஊர்களை நிரப்பின. ஆனால் உள்நாட்டில் கைமாறும் வாகனத்துக்கு அந்தக் காரணம் இல்லை. பலர் விற்பது பெரிய பில் ஒன்று வரும் நேரத்தில்தான். இன்று எனது கையில் உள்ளது போன்ற ஒரு பில்லிலிருந்து தப்பி ஓடிய இன்னொருவரின் வேனை நான் வாங்கிவிடக்கூடும்.

டித்வாவுக்குப் பின் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகிறது. கம்பளையில் மகாவலி ஊருக்குள் புகுந்தது. அக்குறணைக்கோ பிங்கா ஓயா பெருகுவது பழகிப்போன ஒன்று. நீரில் மூழ்கிய வாகனத்தைக் கழுவிப் பொலிஷ் போட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி மணந்து பாருங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளில் துரு உள்ளதா, விளக்குகளுக்குள் ஈரம் படிந்துள்ளதா என்று பாருங்கள். வயரிங்கில் போன தண்ணீரின் விளைவு ஆறு மாதத்துக்குப் பிறகும் வெளிவரும்.

விற்கும் பக்கத்தில் இருக்கும்போதும் இது பொருந்தும். குறையைச் சொல்லி விற்பது எமக்குக் கற்பிக்கப்பட்ட வியாபார ஒழுக்கம். கடையில் ஒரு கிலோ சீனியில் காட்டும் நேர்மை, முப்பது இலட்ச ரூபா வாகனத்தில் இல்லாமல் போகக்கூடாது.

எந்த வேலை முதலில்?

பெரிய பில் என்பது ஒரே வேலையல்ல. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது உயிரைக் காக்கும் வேலைகள்: பிரேக், ஸ்டியரிங், டயர். இதில் கணக்குப் பார்க்க இடமில்லை. கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைக்குப் பாரத்தோடு இறங்குபவருக்கும், மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளில் இறங்குபவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பிரேக் ஒயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகி, மிதித்தால் பெடல் சும்மா கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றினால் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது. இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குவது பிரேக்குக்குப் பாதிச் சுமையைக் குறைக்கும்.

2008 முதல் வருடாந்த வாகன வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அது புகையை மாத்திரமே பார்க்கிறது. புகையில் சித்தியடைந்த வாகனத்தின் பிரேக் சித்தியடைந்ததாக யாரும் எண்ணக்கூடாது. மேலும், பிரேக்குக்குப் பணம் கொடுக்க முடியாத வாகனத்தை, அது எவ்வளவு புதியதானாலும், வீதியில் இறக்கக்கூடாது என்பது எனது உறுதியான கருத்து.

இரண்டாவது, சிறிய செலவால் பெரிய செலவைத் தடுக்கும் வேலைகள். டைமிங் பெல்ட் இதற்கு நல்ல உதாரணம். டொயோட்டாவின் பழைய டீசல் ரகங்கள் பலவற்றில் ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஆனதும் அதற்கென்றே டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். ரேடியேட்டரும் அப்படித்தான். கூலன்ட் குறைந்து ஏற்றத்தில் என்ஜின் சூடேறினால் ஹெட் வளையும், சில வேளை வெடிக்கும்.

மூன்றாவதுதான் என்ஜின் ஓவர்ஹோல் போன்ற பெரிய வேலை. இதற்குச் சம்மதிக்க முன்னர் காரணத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கறுப்புப் புகை என்றால் நொசில், பம்ப், எயார் ஃபில்டர் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அது சிறிய வேலையாக முடியும். நீலப் புகையும் ஒயில் குறைவதும் சேர்ந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். நிற்காத வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவதும் சேர்ந்தால் ஹெட் காஸ்கட்டைப் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் அளந்து பார்ப்பதற்குப் பெரிய பணம் போகாது. நான் இன்னொரு கராஜில் அளந்து பார்த்தேன். நான்கு சிலிண்டர்களில் இரண்டு நன்றாகக் குறைந்திருந்தன. முதல் பாஸ் சொன்னது சரி என்று தெரிந்த பிறகே அந்த 380,000 ரூபாவைக் கணக்கில் சேர்த்தேன்.

ஓவர்ஹோலுக்குப் பதிலாக ரீகண்டிஷன் என்ஜின் போடுவதாக இருந்தால், என்ஜின் இலக்கம் மாறும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்து புத்தகத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். பஞ்சிகாவத்தையில் எடுத்தாலும் வேறெங்கு எடுத்தாலும் பற்றுச்சீட்டும் அந்த என்ஜினின் சுங்க ஆவணமும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஹைபிரிட் கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டரியில் பழுதான செல்லை மாத்திரம் மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். செலவு குறைவுதான். ஆனால் மற்றச் செல்களும் அதே வயதுடையவை, ஒன்றன்பின் ஒன்றாக விழும். விற்கும் வரை ஓட்டுவதற்கு அது போதும். நான்கு வருடம் ஓட்டுவதற்கு முழு பெட்டரியின் விலையைக் கணக்கில் போடுங்கள். பெட்டரியைக் குளிராக்கும் விசிறியில் தூசி அடையாமல் பார்த்துக்கொள்வதும் அதன் ஆயுளைக் கூட்டும்.

பெயின்ட், சீட் கவர், அலோய் வீல் எல்லாம் கடைசியில். அவை கௌரவத்துக்கான செலவுகள். மனம் விரும்பினால் செய்யலாம், வாகனக் கணக்கில் எழுத வேண்டாம்.

எப்போது கைவிட வேண்டும்?

பழைய வாகனத்தைத் திருத்துவதே எப்போதும் சரி என்று யாரும் இக்கட்டுரையிலிருந்து முடிவெடுத்துவிடக்கூடாது. சில இடங்களில் ஒரு சதமும் மேலே செலவு செய்யக்கூடாது. செஸி துருவேறி வெல்டிங் பிடிக்காத நிலை, விபத்தில் செஸி வளைந்து டயர் ஒரு பக்கமாகத் தேயும் நிலை, உள்ளே வெள்ளம் புகுந்து வயரிங் கெட்ட நிலை, உதிரிப்பாகம் தேடிக் கிழமைக்கணக்கில் வாகனம் நிற்கும் நிலை, ஒரே கோளாறு மூன்றாம் தடவையும் திரும்பி வரும் நிலை. என்ஜினை மாற்றலாம், கியர்பொக்ஸை மாற்றலாம். உக்கிய உடம்பை மாற்ற முடியாது.

நின்ற நாட்களையும் எண்ணுங்கள். வருடத்தில் பத்து நாள் கராஜில் நிற்பது தாங்கக்கூடியது. மாதத்துக்கு மூன்று, நான்கு நாள் நின்றால், பில் சிறியதாக இருந்தாலும் வாடிக்கையாளர் வேறொருவரிடம் போய்விடுவார். கம்பளையில் இருக்கும் கடைக்காரர் எமது பாஸ் வரும்வரை காத்திருக்கமாட்டார். அந்த இழப்புக்கு எந்த கராஜும் பில் எழுதித் தராது.

எமது வேனின் செஸியை லிஃப்டில் ஏற்றி மகனோடு சேர்ந்து அடியில் பார்த்தேன். துரு மேலோட்டமாகவே இருந்தது. ஆகவே திருத்துவது என்று தீர்மானித்தோம். பிரேக்கும் ரேடியேட்டரும் முதல் கிழமையிலேயே முடிந்துவிட்டன. என்ஜினும் கிளச்சும் ஒரே தடவையில், வியாபாரம் மந்தமாக இருக்கும் நாட்களில் இறங்கும். இரண்டுக்கும் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டியிருப்பதால் கூலியில் ஒரு பகுதி மிச்சம்.

அதோடு இரண்டு நிபந்தனைகளையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்திட்டோம். இந்த வேலைக்குப் பின் இரண்டு வருடத்துக்குள் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இன்னொரு பில் வந்தால், மறுபேச்சில்லாமல் விற்பது. அதுவரை மாதாமாதம் 40,000 ரூபாவை வேறாக ஒதுக்குவது. திருத்தியதால் மிச்சமானதாகக் கணக்கில் வந்த பணம் அது. ஒதுக்காவிட்டால் கடைச் செலவோடு செலவாகக் கரைந்துவிடும். நான்கு வருடத்தில் அது 19 இலட்சத்தைத் தாண்டும். இன்ஷா அல்லாஹ், அன்று வேனை மாற்றும்போது தேவைப்படும் தொகை அந்த அளவுக்குக் குறையும், தவணையும் சுருங்கும். மகன் கேட்ட வேன் வரத்தான் போகிறது. பெரும் பகுதி எமது சொந்தப் பணத்தில் வரும்.